யாருக்கும் கேட்காத மணி

ஐந்தரைக்கு எழுந்தேன். பூனைக்குச் சாப்பாடு வைத்தேன். காபி போட்டேன். வெளியே துலூத் நகரம் பனிக்குள் கிடந்தது. ஆறு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து, மெத்தையில் கால் மடக்கி உட்கார்ந்தேன். திரையில் ஒன்பது முகங்கள்.

இந்தப் பௌத்தத் தியானக் குழுவைத் தொடங்கியவள் மேரன், என் மனைவி. நான்கு வருடம் தினமும் இங்கிருந்து அவள்தான் மணி அடித்தாள்; இப்போது மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து முறை வைத்து அடிக்கிறார்கள். கும்பிட்டுத் தொடங்குவார்கள், அரை மணி நேரம் கழித்து மணியோடு முடிப்பார்கள். மணி கேட்கும்வரை யாரும் கண் திறப்பதில்லை. கடிகாரம் பார்ப்பது மணி அடிப்பவர் வேலை.

அவள் இறந்து ஏழு மாதம். அன்றிலிருந்து கேமராவை அணைத்துவிட்டு நானும் உட்கார்கிறேன். முடிவில் ஆளுக்கு ஒரு வரி பேச வேண்டும். என் முறை வந்தால் ‘அடுத்தவர்’ என்று தட்டச்சு செய்வேன். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. மூச்சைக் கவனி என்றார்கள், கவனித்தேன். அது பாட்டுக்கு வந்து போனது. இன்றோடு விலகுகிறேன் என்று நேற்று எழுதினேன். வின்னிபெக்கிலிருந்து லோர்னா பதில் போட்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். போவதானால் போ, ஒரு தடவை மணி அடித்துவிட்டுப் போ என்று.

அதனால் இன்று கேமராவைப் போட்டேன். கும்பிட்டோம். ஆறரைக்கு மணியை அடித்தேன். அறை முழுக்க நின்று ஒலித்து அடங்கியது. யாரும் அசையவில்லை.

மேரனுக்காகக் கொஞ்சம் கூடுதலாக உட்கார்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, என்னை வழியனுப்புகிறார்கள். நடுவில் நான் எழுந்து போவது நன்றாயிருக்காது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். கால் மரத்தது. பூனை மடியில் ஏறி, இறங்கிப் போனது.

ஏழு பத்துக்கு லோர்னாவின் குரல் வந்தது. “எலியட், இன்னும் எவ்வளவு நேரம்ப்பா? எனக்கு இடுப்பு இருக்கான்னே தெரியல.”

நாற்பது நிமிடம் முன்பே அடித்துவிட்டேன் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ஒஹாயோவில் குழாய் வேலை பார்க்கும் வெண்டல்தான் கண்டுபிடித்தார். பேச்சுக் குரலைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று கணினியே வெட்டிவிடுகிறதாம். மேரன் தினமும் அதை மாற்றிவைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

“எட்டு மணி வேலைக்கு எட்டு பத்து ஆயிடுச்சு,” என்றார் வெண்டல். அவர் ஊர்க் கடிகாரம் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால். “முதலாளிகிட்ட என்ன சொல்றது? ஞானம் வர்ற மாதிரி இருந்துச்சு, காத்திருந்து பாத்தேன், வரலைன்னா?”

லோர்னாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவது திரையில் தெரிந்தது. அது நான்.

அதை எங்கே மாற்றுவது என்று வெண்டலிடம் கேட்டேன். நாளைக்கு வேண்டியிருக்கும் என்றேன். அவர் வழி காட்டினார்.

ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள். என் முறை வந்தது. ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலை மேரன் கண் விழித்து, நாற்காலியில் நான் கொட்டாவி விடுவதைப் பார்த்தாள் என்றேன். பேசிவிட்டுத் தூங்கினாள், அப்புறம் எழவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“கீழ போய் ஏதாவது சாப்பிடு. பேன்கேக் இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா.”