படகுத்துறைக்கு இறங்கி வந்த தேவாலயம்

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி சுமாருக்கு, ஸ்கார்வோய் தீவின் தேவாலயம் பத்தரை அடி நகர்ந்தது. தென்மேற்குக் காற்று மிதமாக வீசியது. காட் மீன் விலை முந்தைய வாரத்தைவிடச் சற்று இறங்கியிருந்தது. குன்றின் மேல் நூற்றெழுபது வருடம் நின்ற அந்த வெள்ளை மரக் கட்டடம் தன் கல் அஸ்திவாரத்தைக் கழற்றிப் போட்ட செருப்பைப்போல அங்கேயே விட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவையைக்கூடத் தட்டாமல் படகுத்துறைப் பக்கமாக இறங்கி நின்றது. மணியடிக்கும் ஆன்டோர் கயிறு பிடித்து அளந்தார். இரண்டு முறை அளந்தும் பத்தரை அடிதான்.

காரணம் என்னவென்று ஊருக்கே தெரியும். அதே நேரத்தில் ஆல்ஃப்ஹில்ட் மூவென் கீழே படகுத்துறையில், மீன் அரியும் கொட்டகைக்குள் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயதுக்காரி. பதினைந்து வருடத்துக்கு முன்பே இறையியலில் முதல் வகுப்பில் தேறியவள். பெண்ணுக்குப் பீடம் கிடையாது என்று இருந்ததால், அந்தப் பதினைந்து வருடமும் பள்ளியில் வேதபாடம் சொல்லிக்கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டினாள், இளம் போதகர்கள் கூச்சமில்லாமல் தங்களுடையதாக வாசித்துக்கொள்ளும் பிரசங்கங்களை எழுதிக் கொடுத்தாள். சட்டம் மாறியதும் பிஷப் அவளுக்கு அங்கி அணிவித்து ஸ்கார்வோய்க்கு அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. ஈஸ்டருக்குள் தேவாலயத்தின் உள்ளே ஒரு ஆராதனையாவது அவள் நடத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நியமனம் ரத்து. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டதாக பிஷப் நிம்மதியாகத் தூங்கினார். ரத்தானால் அந்தக் கடற்கரையில் வேறெந்தச் சபையும் தன்னைச் சீந்தாது என்பது ஆல்ஃப்ஹில்டுக்குத் தெரியும்.

தேவாலயத்தின் சாவி சபை மன்றத் தலைவர் ஹார்ட்விக் சோல்பாக்கிடம் இருந்தது. மூன்று படகுக்குச் சொந்தக்காரர், உள்ளங்கை நீளச் சாவியைச் சட்டைக்குள் தொங்கவிட்டிருப்பவர். அந்த ஞாயிறு காலை அவள் அங்கியும் கஞ்சி போட்ட வட்டக் கழுத்துப்பட்டையுமாக வந்து நின்றபோது, அவர் வாசற்படியை மறித்துக்கொண்டார்.

"பாவாடை கட்டுன பாதிரிக்கு இந்தக் கதவு திறக்காதும்மா. சபையில பொம்பளை வாயத் திறக்கக் கூடாதுன்னு பவுலே எழுதியிருக்காரு."

"அதே பவுல்தான் பெபேயாள்ங்கிற பொம்பளைய சபை ஊழியக்காரின்னு மெச்சி எழுதினாரு. பாவாடைன்னு பாத்தா, எனக்கு முன்னால இங்க இருந்த பதினாலு பாதிரியும் இதே அங்கியத்தான் மாட்டுனாங்க. நான் சாவி கேட்டு வரல. ஆராதனை நேரம் என்னன்னு சொல்ல வந்தேன். பதினோரு மணி. மீன் கொட்டகையில."

அன்று வந்தவர்கள் ஏழு பேர், எல்லோரும் மீன் அரியும் பெண்கள். அரியும் மேசைதான் பலிபீடம். முன்னால் நின்ற பெட்ரா நாற்பது வருடமாக ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தில் காப்பி ஊற்றுபவள். "இத்தனை வருசத்துல கர்த்தர் ஒரு நாளும் என்னை வாயப் பொத்துன்னு சொன்னதில்ல. சொன்னதெல்லாம் ஹார்ட்விக்தான்" என்று சொல்லிவிட்டு, ஊரே கேட்கும்படி பாட்டை எடுத்துக் கொடுத்தாள். பாட்டு முடிந்து பிரசங்கம் பாதியில் இருந்தபோதுதான் மேலே கட்டடம் நகர்ந்தது.

அடுத்த ஞாயிறு பத்துப் பேர், பதினைந்து அடி. ஆன்டோர் கணக்கைப் பிடித்துவிட்டார். கேட்க வரும் தலைக்கு ஒன்றரை அடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நவம்பரில் ஹார்ட்விக் தேவாலயத்தை நங்கூரச் சங்கிலியால் பாறையோடு பிணைத்தார். அது ஞாயிற்றுக்கிழமை பாறையையும் இழுத்துக்கொண்டு பதினெட்டு அடி வந்தது. அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டம் குறுக்கே வந்தபோது மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது. அவருக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு மன்றம் கூடி, தேவாலயம் நகரவில்லை என்று ஐந்து பேரும் ஒருமனதாகத் தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். ஸ்கார்வோய் ஆண்கள் கடலில் இடம் பார்ப்பது தேவாலயக் கோபுரத்தை வைத்துத்தான். கோபுரத்தின் உச்சியும் பின்னாலிருக்கும் மலையின் பிளவும் ஒரே கோட்டில் வந்தால் கீழே காட் மீன் அப்பிக் கிடக்கும். மூன்று தலைமுறையாக அந்தக் குறி தப்பியதில்லை. இப்போது கோபுரம் ஓரிடத்தில் இல்லை. அதற்காகக் குறியை மாற்றினால் தங்கள் கையெழுத்தே பொய்யாகிவிடும். ஜனவரியில் மீன் திரண்டு வந்தபோது, தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு, நகராத கோபுரத்தை வைத்தே வலை விரித்தார்கள். வலை மொட்டைப் பாறையில் சிக்கிக் கிழிந்தது. பக்கத்துத் தீவுக்காரர்கள் படகு நிறைய மீனோடு தாண்டிப் போகும்போது, "என்ன ஹார்ட்விக், உங்க சர்ச்சு இன்னிக்கு எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆல்ஃப்ஹில்ட் இதற்கெல்லாம் சந்தோஷப்படவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. குளிரில் விரல் வெடித்து, மீன் செதில் ஒட்டிய கையால் திருவிருந்து கொடுத்தாள். கொட்டகைக்குள் ஒரு கல்யாணம், இரண்டு ஞானஸ்நானம், ஒரு அடக்க ஆராதனை நடத்தினாள். மார்ச்சில் பிஷப்பிடமிருந்து கடிதம் வந்தது. கட்டடம் நகரக் கூடாதென்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் உள்ளே என்றால் உள்ளேதான். சாவியைக் கெஞ்சி வாங்கிவிடலாமே என்று சமாதானம் பண்ணிவைக்க வந்த ஊர்க்காரர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அவள் கொதித்துப்போனாள்.

"பதினஞ்சு வருசம் கதவுக்கு வெளிய நின்னு கெஞ்சியாச்சு. என்னை ஊழியத்துக்குக் கூப்பிட்டது கர்த்தர், அவங்க இல்ல. இனி கெஞ்ச மாட்டேன்."

குருத்தோலை ஞாயிறு முடிந்தபோது தேவாலயம் கொட்டகைக்கு அறுபது அடி தூரத்தில் நின்றது. ஈஸ்டருக்கு நாற்பது பேர் வர வேண்டும். அதுவரை ஒருநாளும் முப்பத்திரண்டைத் தாண்டியதில்லை.

ஈஸ்டர் அன்று கடலுக்குப் போவதில்லை என்பதால் ஆண்கள் எல்லோரும் துறையில் கைகட்டி நின்றார்கள், யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்க. அப்படியும் முப்பத்தொன்பது பேர் போனார்கள். அதில் நாலு பேர் ஆண்கள், தலையைக் குனிந்துகொண்டு. ஆன்டோர் வாசலில் எண்ணிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு ஆல்ஃப்ஹில்ட் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவள் ஆராதனையை ஆரம்பித்தாள்.

முதல் பாட்டு ஓடும்போது ஹார்ட்விக்கின் மனைவி குன்வோர் பெரிய காப்பிக் கெட்டிலோடு துறைக்கு வந்தாள். எட்டுப் பிள்ளை பெற்று மூன்றைக் குன்றின் மேல் புதைத்தவள்.

"எங்க போற?" என்றார் ஹார்ட்விக்.

"எம்புள்ளைங்க மூணையும் புதைச்சப்போ பாதிரி என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசல, உங்கிட்டதான் பேசினாரு. இந்தப் பொம்பளை போன வாரம் என் அடுப்படியில உக்காந்து அதுங்க பேரைக் கேட்டா. தள்ளு ஹார்ட்விக், காப்பி ஆறுது."

அவர் தள்ளவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கொட்டகை இருண்டது, பிறகு வெளிச்சமானது. தேவாலயம் அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது. கொட்டகையின் பலகைகள் சத்தமில்லாமல் தரையில் படுத்துக்கொண்டன. ஆல்ஃப்ஹில்ட் தலையை நிமிர்த்தியபோது பின்னால் பலிபீடம், முன்னால் பெஞ்சுகள், பெஞ்சுகளில் நாற்பது பேர், நடுவே மீன் மேசை. மேலே மணி தானாக அடித்தது. அவள் ஒரு வார்த்தையும் விடாமல் பிரமாணத்தை முடித்து, பிரசங்கம் செய்து, ஆசீர்வாதமும் கூறினாள். கதவு பூட்டியே இருந்தது. பூட்டுக்கு வெளியே சாவியோடு நின்றது ஹார்ட்விக் மட்டும்.

ஒரு மணி நேரம் கழித்து, மனைவி உள்ளே இருப்பதால், வேறு வழியில்லாமல் அவரே வந்து திறந்தார். வாசலில் அங்கியோடு ஆல்ஃப்ஹில்ட்.

"உள்ள எப்படி வந்தீங்க?" என்றார். அதுவரை அவளை அவர் 'நீங்க' என்று சொன்னதில்லை.

"நாங்க எங்கயும் வரலியே. நின்ன இடத்துலயேதான் நிக்கிறோம்."

அவர் சாவியை மீன் மேசைமேல் வைத்தார். பெட்ரா அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அவருக்கு ஒரு கோப்பை காப்பி வைத்தாள். ஆல்ஃப்ஹில்ட் அங்கே இருபத்தாறு வருடம் போதகராக இருந்தாள். 1967இல் அச்சான கடல் வரைபடத்தில் கோபுரம் துறையில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்கள் புதுக் குறியைத் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல், அதற்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தார்கள். தேவாலயம் நகரவில்லை என்ற தீர்மானத்தை மன்றம் இன்றுவரை ரத்து செய்யவில்லை. திருவிருந்து இப்போதும் அந்த மீன் மேசையில்தான்.