மூக்கால் திருப்பிய பக்கம்

வாயைத் திறக்காதே. உதட்டைக்கூட அசைக்காதே. அண்ணி ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்தால் பிடிக்கட்டும். அவர் கை, அவர் பாடு.

சோதனை அறையின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் தனக்குத்தானே புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். மர அலமாரியைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்று, சேர்த்துப் பூட்டும் வேலையை வாங்கியவர் தலையில் கட்டும் கம்பெனி அது. பெட்டிக்குள் வைக்கும் செய்முறைத் தாளை எழுதுவது அவள் வேலை. அச்சுக்குப் போகுமுன் அதை மட்டும் படித்து ஒருவர் அலமாரியைப் பூட்டிக் காட்ட வேண்டும். வெளியாட்கள் மரியாதைக்குப் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவதால், எழுதினவரின் வீட்டு ஆள்தான் வர வேண்டும் என்று மேனேஜர் ஒரு விதி வைத்திருந்தார். எழுதினவர் வாய் திறந்தால் சோதனை செல்லாது.

அவள் வீட்டிலிருந்து வந்தவர் நாத்தனார், அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்கா. குறை சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை. தண்ணீர் குடித்தால்கூடத் தண்ணீரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார்.

முதல் சோதனை சந்தி சிரித்தது. அன்று தாள் ஒரு குட்டிப் புத்தகமாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஏன் அப்படி என்றொரு விளக்கம். விளக்கத்தை ஏற்காதவர்களுக்கு ஒரு சமாதானம். 'இரண்டு கைகளாலும் பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ளவும்' என்று ஒரு பக்கம் முடிந்தது. நாத்தனார் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்ன என்பது அடுத்த பக்கத்தில். கொஞ்சம் யோசித்தவர், குனிந்து மூக்கால் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பிவிட்டது. அலமாரிக்கு முதுகில் கால் முளைத்தது.

"எழுதினவளுக்கு எத்தனை கைன்னு கேளுங்க" என்றார் மேனேஜரிடம்.

அவள் பொங்கிவிட்டாள். முழங்காலால் முட்டுக்கொடுக்கலாம், அதைப் பற்றிக் கடைசியில் ஒரு பத்தியே இருக்கிறது என்று அடுக்கினாள். சோதனை செல்லாமல் போனது. அடுத்ததும் தவறினால் எழுத்தே வேண்டாம், வெறும் படம் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். படம் போட அவளுக்கு வராது.

சில நாள் நாத்தனாரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனசுக்குள் மட்டும் ஓயாமல் பேசினாள். எல்லா வாதத்திலும் ஜெயித்தாள். ஒரு மத்தியானம், வெற்றியை உறுதிசெய்துகொள்ள, ஒரு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் புத்தகத்தைத் தானே படித்துப் பார்த்தாள். மூக்கு எட்டவில்லை. அண்ணிக்கு மூக்கு நீளம் என்பதைத் தவிர அவர்மேல் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

உட்கார்ந்து வரிவரியாக அடித்து நீக்கினாள். விளக்கங்கள் போயின, சமாதானங்கள் போயின. அடிக்க அடிக்கத்தான் புரிந்தது, அவை அலமாரிக்காக எழுதியவையே அல்ல. தன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று எழுதியவை. கடைசியில் ஒரே தாள் மிஞ்சியது.

அந்த ஒற்றைத் தாளைத் தரையில் விரித்துவைத்து நாத்தனார் இன்று மளமளவென்று பூட்டிக்கொண்டு வந்தார். நடுத்தட்டில் நின்றார். பலகையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். துளைகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தாளில் இல்லை. அவளுக்கு நாக்கு நமைத்தது.

"ஏம்மா, இப்படியா அப்படியா? கண்ணையாவது சிமிட்டேன்" என்றார் நாத்தனார்.

அவள் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் கொட்டியது.

அச்சகத்து ஆள் வாசலில் காத்திருந்தார். விதியைப் போட்ட மேனேஜரே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக் குரலைத் தணித்தார்.

"சொல்லிடுங்கம்மா. என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். பாஸ்னு போட்டு அனுப்பிடலாம், உங்க வேலையும் தப்பிச்சுடும்."

ஒரு சொல் போதும். ஆனால் அலமாரி வாங்குகிற வீடுகளில் அவள் மூலைக்கு மூலை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

எழுந்தாள். ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.