பின்னுக்குப் போகாத ட்ரெய்லர்

ஆஸ்கெய்ரின் லைசென்ஸ் பழைய காலத்து லைசென்ஸ். எவ்வளவு கனமான ட்ரெய்லரையும் இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. பின்னுக்குத் தள்ளத் தெரியுமா என்று அந்தக் காலத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. பெட்ரோல் பங்கில் கார் ஏற்றும் ட்ரெய்லரை வாடகைக்குக் கொடுத்த பெண்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

"ரிவர்ஸ் எடுக்க வருமா?"

"நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் ரிவர்ஸ்ல போயிட்டிருந்தவன்மா," என்றார். அவள் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

சிரிக்க வைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது ஆஸ்கெய்ரின் கணக்கு. நார்வேயின் மேற்குக் கரையில் நாற்பது வருஷம் சோபா, அடுப்பு, படகு, பழைய பியானோ எல்லாம் விற்ற மனுஷன். பியானோ வாசிக்கத் தெரியாத மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் மூன்று பியானோ விற்றதைக் கேட்டால் கதையாகச் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். தாத்தாவின் கடிகாரம், சொந்தப் படகு, குடியிருந்த வீடு என்று கைக்கு வந்த எதையும் விலை வந்தால் விட்டுவிடுவார். விற்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அறுபத்தெட்டாம் வருஷத்து ஸ்வீடன் கார், முட்டை மாதிரி உருண்ட முதுகு, பச்சை நிறம். அதற்கு எத்தனையோ பேர் விலை பேசினார்கள். ஒவ்வொருவரிடமும் அதன் பெருமையை அரை மணி நேரம் அளந்துவிட்டு, கடைசியில் மாட்டேன் என்று தலையாட்டி அனுப்பிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

அந்தக் கார் பதின்மூன்று வருஷமாக ஸ்குவ்ஹோல்மன் தீவில், விவாகரத்தான மனைவி குட்னியின் கொட்டகையில் கிடந்தது. இப்போது குட்னி பண்ணையை விற்றுவிட்டாள். வாங்கியவர்கள் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். போனில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை தீவுல இருக்கற பழைய இரும்பெல்லாம் அள்ள ஒட்வார் வர்றான். உன் கார் அன்னிக்கு உன்னோட போகணும், இல்ல அவனோட போகணும். பதிமூணு வருஷம் வாடகை இல்லாம வச்சிருந்தேன். இதுக்கு மேல என்னால முடியாது."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஆஸ்கெய்ர் தீவின் துறையில் நின்றார். வேனுக்குப் பின்னால் ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல் கார், நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கியிருந்தது. வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெரி ஒரு மணிக்கு. அதை விட்டால் ஃபெரி பழுதுபார்க்கப் போகிறது, ஒரு மாதத்துக்கு ஆள் மட்டும் ஏறும் படகுதான்.

அந்த ஃபெரிக்கு ஒரே வாய். வண்டிகள் பின்பக்கமாக உள்ளே போக வேண்டும், அக்கரையில் நேராக வெளியே வர வேண்டும். தீவுக்காரர்கள் ஒரு கையில் காப்பியை வைத்துக்கொண்டே பின்னால் ஏறுவார்கள். காலையில் அக்கரையில் ஆஸ்கெய்ர் ஏற வந்தபோது, ட்ரெய்லர் இரண்டு தடவை குறுக்கே மடிந்ததைப் பார்த்த கப்பல் ஆள் தூர்லைவ், கொக்கியைக் கழற்றி, இன்னொருவனோடு சேர்ந்து காலி ட்ரெய்லரைக் கையாலேயே உள்ளே உருட்டிவிட்டான். வேனை மட்டும் ரிவர்ஸில் ஏற்றினார் ஆஸ்கெய்ர். திரும்பும்போதும் அப்படியே ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். ஊரில் உள்ள எல்லாச் சாமானையும் கண்ணாலேயே எடை போடுகிறவர், தன் காரை எடை போட மறந்துபோனார்.

"கார் ஏத்தியிருக்கறதை எல்லாம் எங்களால தள்ள முடியாதுங்க," என்றான் தூர்லைவ். "சரிவு வேற. நீங்களே ஏத்திடுங்க. நேரா வாங்க, அவ்வளவுதான்."

நேராக வருவதுதான் வரவில்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலது பக்கம் போனது. சரி என்று வலது பக்கம் ஒடித்தால், அது இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டென்று முழங்கை மாதிரி மடிந்து துறையின் விளிம்பைப் பார்த்து நின்றது. முன்னால் போய் நேராக்கினார். மறுபடி வந்தார். மறுபடி முழங்கை.

வரிசையில் அவருக்கு அடுத்து தபால் வேன், மீன் லாரி, இரண்டு கார். யாருக்கும் அவசரம் இல்லை. ஜன்னலை இறக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"எதிர்ப்பக்கம் திருப்புங்க!" என்றாள் தபால்காரி.

"எதுக்கு எதிர்ப்பக்கம்?"

"நீங்க இப்ப திருப்பினதுக்கு!"

"சின்னச் சின்னதாத் திருப்பணும்யா," என்றார் மீன் லாரிக்காரர். "சூப்பைக் கிண்டற மாதிரி சுத்துறியே."

ஆஸ்கெய்ர் சிரித்தார். சிரித்தால் காரியம் நடக்கும் என்று நாற்பது வருஷப் பழக்கம். ட்ரெய்லர் சிரிக்கவில்லை. எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு பலவீனம் இருக்கும், பிள்ளையைப் புகழ்ந்தாலோ வீட்டைப் புகழ்ந்தாலோ இளகிவிடுவார்கள். இந்தச் சனியன் எந்தப் புகழ்ச்சிக்கும் இளகாது. ஆறாவது முறையில் ட்ரெய்லரின் நுனி வேனின் பம்பரை நசுக்கியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

குட்னி ரப்பர் பூட்ஸோடு வந்து ஜன்னல் பக்கம் நின்றாள்.

"இறங்கு. நான் ஏத்தறேன்."

அவள் இந்தத் துறையில் பதினாறு வயதிலிருந்து ட்ராக்டரும் ட்ரெய்லரும் ஏற்றியவள். அது ஆஸ்கெய்ருக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதுதான் தொல்லை.

"இன்னும் ஒரு தடவை," என்றார்.

"ஆஸ்கெய்ர், ஒரே நிமிஷம். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"சொல்லாம இருப்பாங்களா? வர்ற கிறிஸ்துமஸ் வரைக்கும் இதைத்தான் சொல்லுவாங்க. எனக்கு வருது, விடு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தாள். ஏழாவது முறை. எட்டாவது முறை. தூர்லைவ் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு. மத்தவங்களும் ஏறணும்."

ஃபெரிக்குப் பக்கத்திலேயே இரும்பு அள்ளும் பெரிய மிதவை கட்டியிருந்தது. அதன் மேல் நீளமான கை வைத்த கிரேன். கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்த ஒட்வார், இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து மனம் இளகி, தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே! ஒரு வழி இருக்கு. உங்க காரை நான் தூக்கிக்கறேன். காலி ட்ரெய்லரை இவங்க தள்ளிட்டுப் போகட்டும். நான் கிரேன் கையை நீட்டி, ஃபெரி டெக்லயே ட்ரெய்லர் மேல வச்சிடறேன். என்ன?"

கூட்டம் முழுக்க ஆமோதித்தது. இரும்பு அள்ள வந்தவனே காரைக் காப்பாற்றுகிறான். ஆஸ்கெய்ருக்குக் கண் கலங்கியது. "நீ மனுஷன்யா!" என்றார்.

ஒட்வார் இறங்கி வந்து காரைச் சுற்றினான். முழங்காலை மடக்கிக் கீழே பார்க்கப் போனான். ட்ரெய்லரின் தட்டு மறைத்தது.

"நாலு சக்கரத்துலயும் தனித்தனியா மாட்டித் தூக்கினா பத்திரம். ஆனா அதுக்குக் கால் மணி நேரம் ஆகும். வயித்துக்குக் கீழ ரெண்டு பட்டை விட்டா ரெண்டு நிமிஷம். அடி எப்படி இருக்கு? தாங்குமா?"

ஆஸ்கெய்ர் அடியைப் பார்த்துப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. இன்று காலையில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஆனால் ஒருவன் அவருடைய சரக்கைப் பற்றிக் கேட்கிறான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அடியா? யோவ், இது ஸ்வீடன் இரும்பு. இந்தக் காலத்து வண்டி மாதிரி தகரம்னு நினைச்சியா? ஒரே உரிமையாளர், குளிர்காலத்துல உப்புத் தெளிச்ச ரோட்டுல ஓடினதே கிடையாது. கொட்டகையிலயே இருந்த வண்டி. தட்டிப் பாரு, மணி மாதிரி கேட்கும்."

"கொட்டகை கடல் பக்கம்," என்றாள் குட்னி.

"கூரை இருந்துச்சுல்ல?"

"கூரை இருந்துச்சு. தரை மண் தரை."

"அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்," என்று ஆஸ்கெய்ர் ஒட்வாரின் தோளில் கை போட்டார். "தைரியமாப் போடு. நான் சொல்றேன்ல."

நாற்பது வருஷத்தில் அந்தக் குரலை நம்பாதவர்கள் குறைவு. ஒட்வாரும் நம்பினான். ட்ரெய்லரோடு இறுக்கியிருந்த பட்டைகளைக் கழற்றினார்கள். கிரேன் பட்டைகள் காரின் வயிற்றுக்குக் கீழே போயின. கொக்கி இறங்கியது. கார் ட்ரெய்லரிலிருந்து ஒரு சாண் எழுந்தது, ஒரு முழம் எழுந்தது. பச்சை முதுகில் வெயில் பட்டது. தபால்காரி கை தட்டினாள். தூர்லைவும் இன்னொருவனும் ட்ரெய்லரை வேனிலிருந்து கழற்றி இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். கார் ஆள் உயரத்துக்கு மேல் போயிற்று.

சத்தம் பெரிதாக வரவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி கிழிவது மாதிரிதான் வந்தது. முதலில் செங்காவி நிறத்தில் துருப்பொடி கொட்டியது. பிறகு முன் பட்டை தரைத் தகட்டுக்குள் மெல்லப் புதைந்தது, வெண்ணெயில் நூல் இறங்குகிற மாதிரி. காரின் மூக்கு கீழே தாழ்ந்தது.

"இறக்கு! ஒட்வார், இறக்கு!" என்று கத்தினாள் குட்னி.

அவன் இறக்கத்தான் செய்தான். அதற்குள் பின் பட்டையும் புதைந்தது. கார் நடுவில் மடிந்து இரண்டாகக் கிழிந்து, கதவு இரண்டும் தானாகத் திறந்து, முன்பாதி துறையின் கல்லில் போய் உட்கார்ந்தது. பின்பாதி பட்டையிலேயே தொங்கிக்கொண்டு காற்றில் லேசாகச் சுற்றியது. ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்தது.

மீன் லாரிக்காரர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒட்வார் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, நீங்க தாங்கும்னு சொன்னீங்களே."

திரும்பி வந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்கெய்ரின் கடை வாசலில் நின்று இப்படிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் சொல்லி, காப்பி கொடுத்து, இன்னொரு சாமானும் விற்று அனுப்பியிருக்கிறார். இப்போது நாக்கைத் தேடினார். அது இருந்த இடத்தில் இல்லை.

"பெரியவரே," என்றான் தூர்லைவ் மெதுவாக. "நாலு நிமிஷம் இருக்கு. உங்க வேன் வழியை மறிச்சுட்டு நிக்குது."

"தொங்கறதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டான் ஒட்வார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். துறையில் வைக்கச் சொல்லலாம். வைத்து என்ன செய்வது? ஆஸ்கெய்ர் மோவாயை உயர்த்தி மிதவையைக் காட்டினார். கிரேனின் கை மெல்லத் திரும்பியது. காரின் பின்பாதி அவர் தலைக்கு மேலாகப் போய், ஊர்ப் பழைய அடுப்புகளுக்கும் வேலிக் கம்பிகளுக்கும் நடுவில் இறங்கியது. முன்பாதியை எடுக்கக் கொக்கி திரும்பி வந்தது.

குட்னி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சரி," என்றார் ஆஸ்கெய்ர். "நீயே ரிவர்ஸ் எடுத்துடு."

"எதை, ஆஸ்கெய்ர்?"

அவர் திரும்பிப் பார்த்தார். காலி ட்ரெய்லர் ஏற்கனவே ஃபெரிக்குள் போயிருந்தது. வெளியே நின்றது வேன் ஒன்றுதான்.