நாற்காலியை யார் பிடிப்பது?

1
இந்தக் காலத்தில் எவனும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. நாம் வாயைத் திறப்பதற்குள் "சரி, புரிஞ்சுது" என்று நடையைக் கட்டுகிறான். அந்த எரிச்சலில் பிறந்த கதை இது. எழுதுகிறவனுக்குப் படிப்பு குறைவு. பொறுக்க முடியாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் இப்படித் தொடங்கினான்: "அந்தி வானம் செவ்வண்ணம் பூசிக்கொண்டு..."

தூ. லிஃப்ட் நின்றுபோன கதைக்கு வானம் எதற்கு?

2
ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர். நாலாம் மாடி. லிஃப்ட் நின்றதிலிருந்து, முட்டி தேய்ந்த அவர் மனைவி தரையை மிதிக்கவில்லை. எதிர்க் கட்டிடத்தில் அவளுடைய அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாகக் கிடக்கிறாள். இங்கிருந்து தங்கை கையசைப்பாள். அங்கே ஒரு கை எழும். இப்போதெல்லாம் பாதிதான் எழுகிறது.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லிச் சொல்லி வெல்டருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "எழுதிக் குடுங்க" என்றார் அவர். மருமகள் போனில் ஏஐயைத் திறந்து கொடுத்தாள்.

"லிஃப்ட் ஓடலை. என்ன பண்றது?" என்று கேட்டார் வெல்டர்.

படியேறுவது இதயத்துக்கு நல்லது என்றது அது.

"ஏம்மா, இந்தக் கழுதையை யார் வீட்டுக்குள்ள விட்டது?"

"நீங்க கேட்ட லட்சணம் அப்படி, மாமா. யாருக்கு எழுதணும், வீட்டுல என்ன கஷ்டம், என்ன வேணும்னு விளக்கமா சொல்லுங்க. அது என்ன ஜோசியமா பார்க்கும்?"

"ஜோசியக்காரனாவது முகத்தைப் பார்ப்பான்."

(இவ்வளவு முரடன் ஒரு போனுக்குப் பணிவானா என்று எழுதுகிறவனுக்கே சந்தேகம். பணிவான். மனைவி காலை இழுத்து இழுத்து ஜன்னலுக்குப் போகும் சத்தம் உள்ளே கேட்டது.)

3
சொன்னார். முட்டி, அக்கா, பாதி எழும் கை. "செயலாளருக்கு எழுது. கெஞ்சாதே, திட்டாதே. லிஃப்ட் என்னைக்குச் சரியாகும்னு கேளு. அதுவரைக்கும் அவளை இறக்க ஆள் கேளு."

"உங்கள் மனைவியால் நாற்காலியில் உட்கார முடியுமா, அப்படியே தூக்கி இறக்கலாமா?" என்று அது திருப்பிக் கேட்டது.

வெல்டருக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாளில் ஒரு மனுஷன் கேட்டானா இதை?

கடிதம் வந்தது. குறை சொல்ல முடியவில்லை. அதிலும் அவருக்குக் கோபம்தான். அதில் இருந்ததெல்லாம் அவர் சொன்னதுதானே!

4
செயலாளர் படித்தார். "பிரமாதம்! ஏஐயா? இருங்க, பதிலையும் இப்பவே வாங்கிடலாம்." தன் போனில் சொன்னார்: "லிஃப்ட் புகாருக்கு நல்லவிதமா ஒரு பதில்."

வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் குடும்பத்தார் நலமுடன் வாழ வாழ்த்துகள்.

"உமக்குக் கேட்கவே தெரியலையே ஐயா! யாரு, என்ன கஷ்டம், ஒண்ணும் சொல்லலையே அதுகிட்ட!"

"பெரியவரே, எல்லாம் புரிஞ்சுது."

5
இனி முடிவு. செயலாளர் மனமிரங்கி, நாற்காலி இறங்கி, அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்கிறாள் மருமகள். ஏஐயும் அதையேதான் சொல்கிறது. இன்னொரு முடிவும் இருக்கிறது: எதிர் ஜன்னலில் திரையை இழுத்து...

வேண்டாம். கை ஓடவில்லை.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கமாகச் சொல்லுங்கள்: நாற்காலியின் முன்காலை யார் பிடிப்பது? பின்பக்கம் யார்? ஆளைக் காட்டாத முடிவை எழுதுகிறவன் வாங்கிக்கொள்ள மாட்டான்.

வெல்டர் படியேறிப் போய்க்கொண்டிருக்கிறார். எழுதுகிறவனும் எழுந்துவிட்டான்.

இதயத்துக்கு நல்லதாம். யார் கண்டது.