காதில் விழுந்தது

பியானோவின் நடுக்கட்டைகளைத் தட்டியதுமே சுருதிக்காரிக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் பிழைப்பு என்பதால் அவளுக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது. நேற்று மாலை கம்பி கம்பியாக முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போன வாத்தியம். இன்று காலை நடுச் சுரங்கள் எல்லாம் ஏறி நிற்கின்றன. வாசிக்க வந்தவர் தொலைபேசியில் எரிந்து விழுந்தது நியாயம்தான்.

ராத்திரியெல்லாம் மழை. ஈரக்காற்று பட்டால் உள்ளே இருக்கும் பலகை உப்பும், கம்பியை இழுக்கும், சுருதி ஏறும். அதனால்தான் அரங்கத்தில் ஏசியை நிறுத்தவே கூடாதென்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காவலாளியைக் கேட்டாள். விடிய விடிய ஓடியது, ஜன்னல் பக்கமே போகவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார் மனிதர்.

அப்படியென்றால் பழி யார் மேல்? அவள் காதின் மேல்தான். நேற்றே தப்பாகக் கேட்டிருக்கிறாள்.

அம்மாவுக்கும் இதே வயதில்தான் காது மந்தமானது. எதைச் சொன்னாலும் "என்ன? என்ன?" என்பாள். வீடே கேலி செய்து சிரித்தது. இவளும்தான் சிரித்தாள். கால் போனால் கட்டையை ஊன்றி நடக்கலாம். காது போன சுருதிக்காரி எதை ஊன்றுவாள்?

தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் சுருதிக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தாள். கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைப்பா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவள் காதுக்கு எல்லாமே சந்தேகம். கம்பியை முறுக்கும் சாவியை முளையில் மாட்டுவதும் எடுப்பதுமாக நின்றாள்.

கடைசி வரிசைக்கும் அப்பால், கதவுக்கு வெளியே, காவலாளி தன் மனைவியிடம் தொலைபேசியில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

"குளிர் தாங்கலடி. ஏசியை அணைச்சேன், அப்புறம் புழுங்குதேன்னு ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்கிட்டேன். விடிஞ்சப்புறம்தான் மூடினேன். தெரிஞ்சா வேலை போயிடும்."

சாவி கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் நேரே தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காதுல விழுந்துடுச்சாம்மா?"

"விழுந்துச்சுண்ணே. ஒரு வார்த்தை விடாம விழுந்துச்சு."

வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக அவர் தலையைக் குனிந்தார். அவளோ கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போய்ப் பியானோ பக்கத்தில் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே," என்றாள். "இன்னும் மெதுவா."