பெண்கள் அறையில் ஒரு படுக்கை

ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை, சேர்ந்துதான் போகவேண்டும் என்றால் ஓர் அறையின் நாலு படுக்கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பயணச்சீட்டு கொடுக்கும் பெண் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம் என்றேன். ரயிலுக்கு அது தெரியாதே என்றாள். நியாயம்தான். நாலையும் எடுத்தேன். வெளியே வரும்போது ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டது போல் ஒரு மிதப்பு. வழியில் ஒரு அன்னாசிப்பழம்கூட வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பயணத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் வருடம் தவறாமல் தார் எஸ் ஸலாமிலிருந்து சொந்த ஊரான துகுயுவுக்கு பஸ்ஸில்தான் போவார்கள். விடியுமுன் ஏறி, முழங்கால் மரத்துப்போய், இருட்டிய பிறகு இறங்குவார்கள். ஊர்ப் பக்கமாகவே போகும் ஸாம்பியா ரயில் அப்படியில்லை. பிற்பகலில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குள் நுழையும். யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஜன்னலிலேயே தெரியும், மறுநாள் மலையும் குகையுமாக ஏறும் என்பார்கள். ஒருமுறை தொலைக்காட்சியில் யானைக்கூட்டம் ஆற்றைக் கடந்தபோது அம்மா கையில் கழுவாத தட்டோடு அப்படியே நின்று பார்த்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு நானாக முடிவு செய்தேன். ம்வன்ஸாவில் இருக்கும் அண்ணன் லுசாஜோ அலைபேசியில் யானைப் படங்களாக அனுப்பித் தன் பங்கை முடித்துக்கொண்டான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று அவர் கூப்பிட்டால் தெருமுனையில் தேநீர் குடிக்கிற சாட்சி கோப்பையை வைத்துவிட்டு ஓடிவருவான். அந்தக் குரலை அரசாங்கம் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் மூன்று முறைதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அந்த வரையறை கிடையாது. ஊர் வழக்கப்படி மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து, "லுசாஜோ அம்மா" என்பார். என் மூக்குக்கண்ணாடி எங்கே, கேட் பூட்டியாயிற்றா, போன வாரம் செத்துப்போனவன் எந்த வீட்டு மருமகன். ஓய்வுக்குப் பிறகு தூக்கம் கெட்டுவிட்டதால் ராத்திரியும் இதே கதை. தனியாக விழித்திருக்க அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன். கெட்ட மனிதர் இல்லை, அம்மா மேல் ஒரு நாளும் கை வைத்தவரில்லை. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கே அந்தக் குரல் கேட்டால் தூக்கம் போய்விடும். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் "ம்" என்று எழுந்திருப்பாள்.

நான் சீட்டோடு வீடு திரும்பியபோது அம்மா வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நாலு படுக்கைகளையும் எடுத்த வீரப்பிரதாபத்தை நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியை நிறுத்தவில்லை. பிறகு, ரயிலில் பெண்களுக்கென்று தனி அறை இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

"அப்ப எனக்கு அதுல ஒரு எடம் போடு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரும் ஒரே ஜன்னலில் உட்கார்ந்து யானை பார்க்கும் காட்சியை நான் வாரக்கணக்கில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். அப்பா ராத்திரி கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அந்த ரூம்ல மூணு ஆம்பளைங்க இருப்பாங்கல்ல. அவங்க 'ம்' சொல்லட்டும்." சிரிக்காமல்தான் சொன்னாள். கைப்பிசினை எண்ணெய் தொட்டுத் துடைத்தபடி, "ஒரு தடவ, யாரும் என்னக் கூப்பிடாத எடத்துல படுக்கணும் துசா. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள்.

மறுநாள் போய் மாற்றினேன். அந்தப் பெண் இந்த முறை என் முகத்தைப் பார்த்தாள். அன்று சாப்பிடும்போது அப்பாவிடம், கணவன் மனைவியானாலும் தனித்தனி அறைதானாம், ரயில்வே சட்டம், வேறு வழியே இல்லையாம் என்றேன். சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. அப்படித்தான் இருக்கவேண்டும், ஆளுக்கு ஆள் சலுகை கொடுத்தால் நிர்வாகம் எப்படி நடக்கும் என்று உகாலிக் களியைக் குழம்பில் தோய்த்தபடி எனக்கே விளக்கினார். அவரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நாளன்று இரண்டு பேரையும் நான்தான் ஏற்றிவிட்டேன். பெண்கள் அறையில் துணி வியாபாரிகள் இரண்டு பேரும், கைக்குழந்தையோடு ஒருத்தியும் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருந்தார்கள். "வாங்கக்கா, கீழ எடம் உங்களுக்குத்தான்" என்று நகர்ந்துகொண்டார்கள். அம்மா உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள். வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதற்குள் நடைவழியைத் தாண்டி அப்பாவின் குரல் வந்தது, மூக்குக்கண்ணாடியைக் கேட்டு. அம்மாவின் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. நான் அவள் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டுப் போனேன். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது அலைபேசி அடித்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அப்பாதான். ரயில் சத்தத்துக்கு மேலே, "துசா, ஒட்டகச்சிவிங்கி" என்றார். "ஏழெட்டு நிக்குது. நம்ம ரயிலும் நின்னுடுச்சு. அதுங்க பயந்து ஓடவே மாட்டேங்குது."

அம்மா பார்த்தாளா என்று கேட்டேன்.

"ரெண்டு ரூம் தள்ளி ஒரு புருஷன் பொண்டாட்டி ஒண்ணா உக்காந்து கோழி தின்னுட்டிருக்காங்க. நாலு படுக்கையையும் எடுத்துட்டாங்களாம்."

என் ரயில்வே சட்டம் அங்கேயே உடைந்துவிட்டது. எத்தனை பொய்ச்சாட்சிகளைக் கூண்டருகே நின்று பார்த்தவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"உங்கம்மாவக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு வந்தேன். கதவு தொறந்துதான் கெடக்கு. தூங்குறா." மூச்சு வாங்கினார். "வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாடி. இவ இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல."

நாற்பது வருடமாக அவருக்குப் பிறகு படுத்து அவருக்கு முன்பே எழுந்தவளை அவர் எப்போது பார்த்திருக்க முடியும். யானைக்காகவும் ஒட்டகச்சிவிங்கிக்காகவும் நான் போட்ட திட்டம், அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது. கூப்பிடாதீங்கப்பா என்றேன். கேட்டதோ இல்லையோ. அவர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மடித்த துணியை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு வேணும் பெரியவரே? அக்காவ எழுப்பட்டுமா? ஒட்டகச்சிவிங்கி பாக்கவா?"

"வேணாம்மா." அப்பாவுக்கு இவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "அதெல்லாம் அப்பவே போயிடுச்சு."

கதவு இழுபட்டு மெதுவாகச் சாத்தப்படும் சத்தம். நடைவழியில் குழந்தைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, அங்க பாரு, குட்டி, குட்டியும் நிக்குது என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.