மூன்றாம் மாடியிலிருந்து பாரிசுக்கு

வாசற்கதவுத் திறப்பு வீட்டுக்கார அம்மாவிடம், சினோராவிடம், இருந்தது. சினோரா மொண்டெல்லோவில், கடற்கரை வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பா, ஒரு காலத்தில் பலெர்மோ நீதிமன்றத்தில் பெயரெடுத்த வழக்கறிஞர், எல்லோருக்கும் 'அவ்வொக்காத்தோ', பைஜாமாவுக்கு மேலே கோட்டு அணிந்து, பூட்டிய வாசற்கதவின் முன்னால் கையில் தொப்பியோடு நின்றார்.

"திற, மகளே. பத்து மணிக்கு வழக்கு இருக்கிறது."

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது.

"திறப்பு என்னிடம் இல்லை, அவ்வொக்காத்தோ," என்றாள், அவரைப் பராமரிக்கும் நிரோசினி, இத்தாலியனில். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

ஜூன் மாதத்தில் கிழவர் இரண்டு தடவை தனியே வெளியே போய்விட்டார். ஒருமுறை மீன் சந்தையிலும் இன்னொருமுறை துறைமுகத்திலும் தேடிப் பிடித்தார்கள். அன்றிலிருந்து சினோரா கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகிறாள். அவரோடு சேர்த்து நிரோசினியும் உள்ளேதான். வழக்கமாகக் காலையும் மாலையும் வந்து திறப்பாள். இது ஓகஸ்ட் மாதம், ஊரே கடலுக்குப் போய்விடும் காலம். வியாழக்கிழமை பிள்ளைகளோடு கடலுக்குப் போகும்போது, "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். அன்றிலிருந்து உனக்கு எட்டு நாள் விடுமுறை," என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். தொலைபேசி அவளுடைய படுக்கையறையில் இருந்தது. அந்த அறையையும் பூட்டியிருந்தாள்.

கதவருகே நிரோசினியின் முதுகுப்பை விடிந்ததிலிருந்து சாய்ந்து கிடந்தது. அவளும் சிநேகிதி அகஸ்ரீனாவும் இரண்டு மாதமாக விடுமுறை ஞாயிறுகளில் கூடியிருந்து போட்ட பயணத் திட்டம் அது. இருபத்தாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான மலிவு இன்ரரெயில் அட்டை, ஐரோப்பா முழுக்க ரயிலில் போகலாம். நவம்பர் வந்தால் நிரோசினிக்கு அந்த வயது தாண்டிவிடும். இரவில் ரயிலிலேயே நித்திரை கொண்டால் ஹோட்டல் வேண்டாம். பாணும் டின் மீனும் பொரித்த மிளகாயும் இருந்தால் சாப்பாட்டுக் கடையும் வேண்டாம். ரோம், பாரிஸ், அம்ஸ்ரடாம், திரும்பும் வழியில் பீசா. இந்த ஏப்ரலிலிருந்து பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கையில் இருந்தால் எல்லையில் விசா கேட்பதில்லை என்ற செய்தி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடையே பஸ்சுக்குப் பஸ் பரவியிருந்தது. ஐரோப்பாவுக்கு வந்து ஆறு வருசமாகியும் மெசினாவுக்கு அப்பால் எதையும் பார்க்காத அகஸ்ரீனா அன்றே வரைபடம் வாங்கிவிட்டாள்.

அவளுக்கு அது ஊர் சுற்றுவது. நிரோசினிக்கு வேண்டியது பாரிஸ் மட்டும்தான்.

பாரிசில் விதுரன் இருந்தான். செப்டம்பர் இருபதாம் திகதி அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். லண்டனில் இருக்கும் யோகாம்பாள் மாமி பேசிக்கொண்டுவந்த சம்பந்தம். பத்து வருச வதிவிடக் காட் இருக்கிறது, ரெஸ்ரோறண்டில் மனேஜர் என்று மாமி சொல்ல, பலெர்மோவிலேயே இருக்கும் அண்ணன் பாரிசில் மண்டபமும் பிடித்துவிட்டார். "இந்தப் பூட்டின வீட்டைவிட்டு நீ வெளிக்கிட வேணும், பிள்ளை," என்று சொல்லும்போது அண்ணனுக்குக் கண் கலங்கியது. அதனால்தான் அவளால் எதுவும் மறுத்துப் பேச முடியவில்லை. விதுரனின் படம் ஒன்று வந்திருந்தது, ஒரு நீலக் காரில் சாய்ந்தபடி. இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்திருக்கிறாள், இரண்டு தடவையும் அண்ணன் பக்கத்தில். இரண்டு தடவையும் அவன் "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் கேட்டான்.

ஒரு வாழ்க்கைக்கு அது போதாது என்று அவளுக்குப் பட்டது. சொல்லாமல் போய், அவன் ரெஸ்ரோறண்டில் ஒரு மேசையில் உட்கார்ந்து, அவன் எப்படிச் சிரிக்கிறான், வேலையாட்களோடு எப்படிப் பேசுகிறான் என்று தன் கண்ணால் ஒரேயொரு தடவை பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு ஓம் என்பதோ இல்லை என்பதோ அவளுடைய சொல்லாக இருக்கும். அண்ணனிடம், அகஸ்ரீனாவின் கோயில் ஆட்களோடு ரோமுக்கு யாத்திரை போவதாகச் சொல்லியிருந்தாள்.

"நிரோ! எடியே நிரோ!"

பல்கனிக்கு ஓடினாள். வெயில் கொளுத்தும் வெறுந்தெருவில், பூட்டிக்கிடந்த பாருக்கு முன்னால், முதுகுப்பையோடு அகஸ்ரீனா நின்றாள். பக்கத்திலேயே பொதுத் தொலைபேசி.

"சினோராவோட கதைச்சிட்டன்!"

"என்னவாம்?"

"திங்கக்கிழமைதான் வாறாளாம். கடல் நல்லாயிருக்காம். பிள்ளையள் வரமாட்டமெண்டு அழுகினமாம்."

நிரோசினி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான்?"

"கேட்டன். 'நிரோ நல்ல பிள்ளை, விளங்கிக்கொள்ளுவாள்' எண்டாள். செவ்வாய்க்கிழமையில இருந்து நாலு நாள் தருவாளாம்."

பாரிசுக்குப் போய்வரவே நாலு நாள் போய்விடும். ரோமிலிருந்து நாளைக்கு இரவு ரயிலில் பிடித்த படுக்கைகளும் போய்விடும். ஓகஸ்ட் பண்டிகை வாரத்தில் வேறு இடம் கிடைக்காது.

"தீயணைப்புக்காரரைக் கூப்பிடட்டே? ஏணி வச்சு இறக்குவாங்கள்."

"இறக்கிப்போட்டு? இவரை ஆர் பாக்கிறது?"

"அவரையும் இறக்கட்டும். கூட்டிக்கொண்டு போவம். கிழவனுக்கு ரயிலில அரை ரிக்கற்!"

நிரோசினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தீயணைப்புக்காரர் வந்தால் பொலிசும் வரும். சினோரா கோபித்தால் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. தெருவில் நின்றவளுக்கும் அது தெரியும். அதனால் அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

"ரயில் எத்தினை மணிக்கு?"

"ரண்டு பத்துக்கு."

நிரோசினி எதிர்வீட்டு மூடிய யன்னல்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய், தன் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சாமான் வாங்கும் கூடையில் போட்டுக் கயிற்றை இறக்கினாள்.

"விதுரன்ர கடை நம்பர். எடுத்து, அவரை இஞ்சை வரச்சொல்லிக் கேள். அங்கயிருந்து இஞ்சைக்கும் அதே தண்டவாளம்தானே."

"விசரே உனக்கு?"

"கெதியாக் கேளடி."

அகஸ்ரீனா எண்களை அழுத்தினாள். மேலே நின்றவளுக்கு ஒரு பக்கப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"ஹலோ, விதுரன் நிக்கிறாரோ? ... ஓம், பலெர்மோவில இருந்து. ... இல்லை, நான் அவவின்ர சிநேகிதி."

"நான் பக்கத்தில நிக்கிறன் எண்டு சொல்லு!"

"கத்தாதையடி, உன்ர சத்தம் பாரிசில கேக்குதாம்!" மறுபடி தொலைபேசிக் குழாய்க்குள்: "அவவை வீட்டுக்கார அம்மா பூட்டிப்போட்டுப் போயிட்டா. ரண்டுபேரும் சொல்லாமல் வந்து உங்கட கடையில சாப்பிட்டு, உங்களை ஒருக்கா வடிவாப் பாக்கிறதெண்டு..."

"எடி! அதைச் சொல்லாதை!"

"சொல்லிட்டன்." அகஸ்ரீனா மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "சிரிக்கிறார். மேசையில இருந்தா என்னைக் கண்டிருக்கமாட்டியள் எண்டுறார். குசினிக்குள்ள கோப்பை கழுவுறாராம்."

"மனேஜர் எண்டெல்லோ சொன்னவை?"

"மனேஜர் வேற ஆளாம். அவரின்ர காரிலதான் சாஞ்சு படம் எடுத்தவராம்."

நிரோசினி தன் கைகளைப் பார்த்தாள். சலவைத்தூள் தின்ற விரல்கள். "சரி, கோப்பைதானே. நானும்தான் கழுவுறன். வருவாரோ எண்டு கேள்."

அகஸ்ரீனா கேட்டாள். குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ம்" கொட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல மேலே பார்ப்பதையும் விட்டாள்.

"என்னவாம்? எடி, என்னவாம்?"

"வர ஏலாதாம்."

"லீவு இல்லையோ?"

"காட் இல்லையாம், நிரோ. அகதிக் கேசை ரண்டுதரம் மறுத்திட்டாங்களாம். எல்லையில பிடிபட்டா நேர கொழும்புதானாம். யோகாம்பாள் மாமி இதையெல்லாம் உங்கட வீட்டுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சவராம்." அவள் தயங்கினாள். "உனக்கு இத்தாலிப் பாஸ்போட் இருக்கெண்டு மாமி சொன்னவவாம். கலியாணம் முடிஞ்சா தனக்கு ஒரு வழி பிறக்குமெண்டு அவரும் இருந்திருக்கிறார்."

அங்கே கதவு திறந்திருக்கிறது என்று இவர்களும், இங்கே திறந்திருக்கிறது என்று அவர்களும் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். அண்ணனின் கலங்கிய கண் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. முதுகில் வேர்வை மட்டும் வழிந்தது.

கிழவர் தொப்பியோடு பல்கனிக்கு வந்து எட்டிப்பார்த்தார். "யாரது கீழே? எதிர்த்தரப்பா?"

"தெரியாது, அவ்வொக்காத்தோ. அதைத்தான் விசாரிக்கிறோம்."

"நிரோ, போனில காசு முடியப்போகுது! வைக்கட்டே?"

"வையாதை. ஒண்டே ஒண்டு கேள். நான் சொல்லாமல் வந்து நிண்டிருந்தா, அவர் எனக்கு உண்மையைச் சொல்லியிருப்பாரோ?"

கேள்வி பாரிசுக்குப் போனது. பதில் வர நேரமாயிற்று. வரும்போது அகஸ்ரீனாவின் முகம் கோணியது, சிரிப்பதா வேண்டாமா என்பதுபோல.

"தெரியாதாம். சிலவேளை மனேஜரின்ர சேர்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து காசு மேசையில நிண்டிருப்பாராம்."

நிரோசினி சிரித்துவிட்டாள், உரக்க. அது தொலைபேசிக் கம்பிவழியாகப் பாரிசிலும் கேட்டிருக்கவேண்டும். லீவு இல்லை என்று ஒரு சொல்லோடு அவன் தப்பியிருக்கலாம். தப்பவில்லை. தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

"செப்டம்பரில கலியாணம் இல்லை எண்டு சொல்லு. அண்ணனுக்கு நான் சொல்லுறன், தன்ர வீட்டுக்கு அவர் சொல்லட்டும். பாக்காமல் நான் ஓமெண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன்."

அகஸ்ரீனா சொன்னாள், கேட்டாள், குழாயைக் கொழுவினாள். "அறுந்திட்டுது."

"கடைசியா என்ன சொன்னவர்?"

"'சரி. வரேக்க மூண்டு மணிக்குப் பிறகு வரச்சொல்லுங்கோ, அப்பதான் எனக்கு ஓய்வு' எண்டார். வேறொண்டும் இல்லை."

ஒரு மணி ஆகியிருந்தது. அகஸ்ரீனா போவதற்கு அசையவில்லை. காலால் கல்லொன்றைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் நிக்கிறன், நிரோ. அடுத்த வருசம் போவம்."

"அடுத்த வருசம் கிழவியளின்ர விலையில ரிக்கற் எடுக்கிறதே? போடி. போய் எல்லாத்தையும் பார். ஆனா அவரைப் போய்ப் பாக்கக்கூடாது."

"ஏனடி? பாத்துவந்து சொல்லுறனே, மூக்கு எப்பிடி, முழி எப்பிடியெண்டு."

"நீ பாத்தா அது நீ பாத்தது."

அகஸ்ரீனா பையின் பட்டியை இறுக்கினாள். "உன்ர அட்டை ஒரு மாதத்துக்குச் செல்லும். சினோரா வந்த உடன நாலு நாளை எட்டு நாளாக்கு. அழுதெண்டாலும் ஆக்கு."

"அழமாட்டன். கேப்பன்."

அவள் நாலு அடி நடந்ததும் நிரோசினி கூப்பிட்டாள். "ஸ்தாசியோனேக்கு, ரயிலடிக்குத்தானே போறாய்? அங்க அண்ணன் வேலை செய்யிற பாருக்கு ஒருக்காப் போய், நாளைக்குப் பின்னேரம் இஞ்சை வரச்சொல்லு. நான் கதைக்க வேணுமாம் எண்டு."

"ரோம் யாத்திரையை விட்டிட்டு இஞ்சை ஏன் நிக்கிறாளெண்டு கேப்பாரே?"

"அதையும் நானே சொல்லுறன்."

"இஞ்ச இருந்து கத்தியோ? தெரு முழுக்கக் கேக்குமடி."

"கேக்கட்டும். அண்ணன் மேல வந்து தலையைத் தடவிக் கண் கலங்க ஏலாதெல்லோ. கதவு பூட்டு."

அகஸ்ரீனா அண்ணாந்து தலையாட்டினாள். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையில் திரும்பினாள்.

உள்ளே கிழவர் பசிக்கிறது என்றார். நிரோசினி வருகிறேன் என்று பதில் சொன்னாள். ஆனால் உடனே போகவில்லை. அண்ணன் நாளைக்கு நிற்கப்போகும் இடத்தை, பாரின் இழுத்துவிட்ட இரும்புக் கதவை, குனிந்து பார்த்தாள்.

"அண்ணா," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்று மாடிக்கு அந்தக் குரல் போதாது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருமுறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.